தையல்காரர்களின் சபை

திருப்பூர்க்காரர்களுக்கு வாரம் என்பது சனிக்கிழமை ராத்திரியோடு முடிகிறது. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடுவது அன்றைக்குத்தான். காலை 8.30 மணிக்கு உள்ளே போனவர்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி 8.30 மணிக்கு வெளியே வருவார்கள். மளிகைக்கடை பாக்கி, வீட்டு வாடகை, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்ப வேண்டியது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷின் சத்தம் குறைந்த வேலம்பாளையத்தைப் பார்த்தால் வேறு ஏதோ ஊர் மாதிரி இருக்கும். (அவசர ஆர்டர் வந்துவிட்டால் அந்த ஞாயிறும் போய்விடும். அது வேறு விஷயம்.)

அவினாசி ரோட்டில் பாத்திரத்துக்குப் பேர் போன அனுப்பர்பாளையத்தை ஒட்டி இருப்பது 15 வேலம்பாளையம். 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். இங்கே லைன் வீடுகளில் குடியிருப்பவர்களிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் பாதிப் பேர் வேறு மாவட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம், நெல்லை, தூத்துக்குடி... மழை பொய்த்த வருஷங்களில் ஒரு பையோடு பஸ் ஏறி வந்தவர்கள். கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, பிறகு டைலர் ஆனவர்கள்.

இவர்களில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தேடுவது சர்ச்சை. வேலை தேடிக் கொடுக்கவோ வீடு பார்த்துத் தரவோ சர்ச் என்ன ஏஜென்சியா என்று கேட்கலாம். ஆனால் நடப்பதைப் பாருங்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போது யாராவது ஒருவர் கேட்பார், "தம்பி புதுசா? எந்த ஊரு?" "சாத்தான்குளம் பக்கம் அண்ணாச்சி." "எங்க தங்கியிருக்க?" அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்தப் பையன் வரவில்லை என்றால் கேட்க ஒரு ஆள் வந்தாயிற்று. ஊரைவிட்டு வந்தவனுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்பது ஊரிலேயே இருப்பவர்களுக்குப் புரிவது கொஞ்சம் கஷ்டம். கம்பெனியில் ஒரு ஆள் வரவில்லை என்றால் அந்த மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார். சபையில் அந்த இடம் காலியாகவே தெரியும்.

2010-ம் ஆண்டு வாக்கில் திருப்பூரின் தற்கொலைகளைப் பற்றிப் பத்திரிகைகள் தொடர்ந்து எழுதின. கடன், குடி, குடும்பத்தகராறு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் எல்லாக் காரணங்களுக்கும் அடியில் ஒன்று இருந்தது. பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத லைன் வீட்டு வாழ்க்கையில், "போன வாரம் காணோமே?" என்று ஒருவர் கேட்பதுகூட ஒரு பாதுகாப்புதான்.

தையல் தொழிலாளிகளும் சபையும் என்று யோசித்தால் இது புதுக் கதை அல்ல. வேதாகமத்திலேயே இருக்கிறது!

அப்போஸ்தலர் நடபடிகள் 18-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். பவுல் கொரிந்து பட்டணத்துக்கு வருகிறார். அங்கே ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்று ஒரு தம்பதி. ரோமாபுரியிலிருந்து யூதர்கள் வெளியேற வேண்டும் என்று கிலவுதியு ராயன் கட்டளையிட்டதால் ஊரைவிட்டுக் கிளம்பி வந்தவர்கள். இன்றைய பேச்சில் சொன்னால் புலம்பெயர்ந்த தொழிலாளிகள். அவர்களுக்குத் தொழில் கூடாரம் தைப்பது. பவுலுக்கும் அதே தொழில். அதனால் அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். ஒன்றரை வருஷம் அந்த ஊரில் இருந்தார். இது எந்தக் காலம் என்பதும் ஓரளவு துல்லியமாகத் தெரியும். அந்த அதிகாரத்தில் வரும் கல்லியோன் என்ற அதிபதியின் பெயர் கிரீஸில் டெல்பி என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. அதை வைத்து கி.பி. 51-52-ஐ ஒட்டிய காலம் என்று கணக்கிடுகிறார்கள்.

கொரிந்து சபை பிறந்தது ஒரு தையல் கூடத்தில் என்று சொன்னால் அதிகப்படி ஆகாது. ஒரே தொழில், ஒரே வீடு, ஒரே சாப்பாடு, அதோடு ஒரே விசுவாசம். பிலிப்பி பட்டணத்துச் சபையைப் பார்த்தாலும் அப்படித்தான். அங்கே முதலில் கதவைத் திறந்த லீதியாள், தீயத்தீரா ஊர்க்காரி. இரத்தாம்பரம் விற்கும் வியாபாரி. சாயம் போட்ட துணி வியாபாரம்! திருப்பூர்க்காரர்களுக்கு இவர்களையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனால் கொரிந்து சபைக்கு வேறு ஒரு பிரச்சனையும் இருந்தது. அதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

அந்தக் காலத்தில் திருவிருந்து என்பது நிஜமாகவே ஒரு விருந்து. வீடுகளில் கூடிச் சாப்பிடுவார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11-ம் அதிகாரத்தில் பவுல் கோபமாக எழுதுகிறார். சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான் என்று. யார் முந்தினார்கள், யார் பிந்தினார்கள்? கெர்ட் தைசன் என்ற ஜெர்மானிய அறிஞர் இதைச் சமூக நிலையை வைத்து விளக்கினார். வசதி உள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டைக் கொண்டுவந்து தாங்களே சாப்பிட்டார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து தாமதமாகத்தான் வந்திருப்பார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. பவுல் இதற்குச் சொல்லும் தீர்வு ரொம்ப எளிமையானது. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார்.

ஓவர் டைம் முடித்துவிட்டு அவசர அவசரமாக வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை கூட்டம் ஏழு மணிக்கு என்று வைத்தால் ஷிப்டில் இருப்பவர் வரவே முடியாது. ஒன்பது மணிக்கு என்றால் குழந்தை தூங்கிவிடும். எந்த நேரத்தில் வைப்பது என்று முடிவு செய்வதே யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்வதுதான்.

தமிழ் வேதாகமத்தில் இந்த உறவுக்கு இரண்டு வார்த்தைகள் வருகின்றன. யோவானின் கடிதத்தில் ஐக்கியம். அப்போஸ்தலர் நடபடிகள் 2-ம் அதிகாரத்தில், ஆதிச் சபையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அந்நியோந்நியம். மூலத்தில் இரண்டுக்கும் கிரேக்க வார்த்தை ஒன்றுதான், கொய்நோனியா. பங்கு போட்டுக்கொள்வது என்ற அர்த்தமும் அதில் இருக்கிறது. அந்நியோந்நியம் என்றால் பொதுவாகப் புருஷன் பெண்டாட்டி ஒற்றுமையைச் சொல்வோம். ஆனால் வடமொழியில் அந்த வார்த்தையைப் பிரித்தால் 'அந்நியர்' என்ற அதே வேர்ச்சொல் இரண்டு முறை வரும்! அந்நியரும் அந்நியரும் ஒருவருக்கொருவர் ஆவது. மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துப் போட்டார்களோ இல்லையோ, பொருத்தமாக அமைந்துவிட்டது.

தெற்கத்திக்காரர்கள் திருப்பூருக்கு வரும்போது சும்மா வருவதில்லை. சபையாகக் கூடி வாழும் பழக்கத்தையும் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் வயசு.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் முதலூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1799-ல் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியில் உருவானது. புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களுக்குச் சொந்த ஊர்களில் எதிர்ப்பு வந்தது. அவர்கள் சேர்ந்து வாழ ஒரு இடம் வேண்டும் என்று நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அந்தப் பகுதியின் முதல் கிறிஸ்தவ ஊர் என்பதால் முதலூர். அதாவது அங்கே சபை முதலில், ஊர் பிறகு!

அடுத்து ரேனியஸ். பிரஷ்யாவிலிருந்து வந்த இந்த மிஷனெரி 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1830-ல் தர்மசங்கம் தொடங்கினார். விசுவாசிகளுக்காக நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்கு விசுவாசிகளே காசு போடும் சங்கம். 1834-ல் விதவைகள் நிதி. ஊழியர்கள் உயிரோடு இருக்கும்போது சிறுகச் சிறுகக் கட்டி வந்தால், அவர்கள் இறந்த பிறகு மனைவிக்கு உதவித்தொகை கிடைக்கும். எல்.ஐ.சி. வந்தது 1956-ல் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டால் இதன் அருமை தெரியும். அடுத்த வருஷமே, 1835-ல், ரேனியஸை அவருடைய மிஷன் சங்கம் விலக்கிவிட்டது. அவர் எழுதியதும் சபை ஒழுங்கைப் பற்றிய அவருடைய கருத்துகளும் பிடிக்காமல் போனதுதான் காரணம். சபையும் இரண்டுபட்டது. 1838-ல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். ஐக்கியத்துக்காக இவ்வளவு செய்தவரின் கதை பிரிவினையில் போய் முடிந்தது வேதனைதான். ஆனால் இதை மறைத்துவிட்டு அவருடைய சாதனையை மட்டும் சொன்னால் அது அரைக்கதை ஆகிவிடும்.

பிடி அரிசி பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உலை வைப்பதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, சபைக்கு என்று கொடுப்பது. மிசோரமில் 1910-ல் தொடங்கிய இதே மாதிரிப் பழக்கம் அந்தச் சபைகளின் பெரிய வருமானமாகவே வளர்ந்தது. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தியவர்தான். எந்த மதமாக இருந்தாலும் ஏழை வீட்டுச் சமையலறைக்குள் போய் யோசித்தவர்களுக்கு இதே யோசனைதான் தோன்றியிருக்கிறது. ஒரு பிடி அரிசி குறைந்தால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் நூறு வீட்டுப் பிடி அரிசி சேர்ந்தால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிடலாம்.

இதே மண்ணிலிருந்து வந்தவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்தியர் பணத்தில், இந்திய ஊழியர்களைக் கொண்டு, இந்தியரே நடத்தும் சங்கம். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையில் எழுந்து பேசினார். நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். கூட்டத்தில் சலசலப்பு. விசுவாசம் ஒன்றுதான், ஜெபமும் ஒன்றுதான், ஆனால் கைகொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடவில்லை என்றால் அது என்ன ஐக்கியம்? 1912-ல் அவர் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அவர் இல்லை. 1945 ஜனவரி 1-ல் காலமாகியிருந்தார். 1950-ல் கோயம்புத்தூர்த் திருமண்டலம் உருவானபோது அதன் முதல் பேராயர் ஆனவர் ஏ.ஜே. அப்பாசாமி. அவரும் பாளையங்கோட்டைக்காரர். நெல்லையிலிருந்து கொங்கு நாட்டுக்கு வந்தவர்கள் தையல்காரர்கள் மட்டுமல்ல போலிருக்கிறது!

இவ்வளவு சொல்லிவிட்டு ஜாதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை.

1833-ல் பிஷப் டேனியல் வில்சன் ஜாதி வித்தியாசம் சபைக்குள் இருக்கக்கூடாது என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். விசுவாசத்தைவிட ஜாதி பெரிதாக இருந்தது. 1850 வாக்கில் மிஷனெரிகள் ஒரு சோதனை வைத்தார்கள். எல்லா ஜாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து. சாப்பிட மறுத்தால் ஜாதியை விடவில்லை என்று அர்த்தம். நெல்லைச் சீமையிலேயே வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் ஜாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து உட்கார வைத்திருந்தார்கள். 1910-ல் தடுப்பை எடுத்தபோது விவகாரம் கோர்ட் வரைக்கும் போனது. ஒரே பீடம், ஒரே பூசை, நடுவில் தடுப்பு! கல்லறைத் தோட்டத்தில் ஜாதி பார்ப்பது பல இடங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை.

பகிர்ந்துகொண்ட விசுவாசம் சபையைப் பலப்படுத்தும் என்று பிரசங்கத்தில் சொல்வது சுலபம். விசுவாசம் தன்னால் சபையைப் பலப்படுத்துவதில்லை என்றே வரலாற்றைப் பார்த்தால் தோன்றுகிறது. சாப்பாடு, பணம், நேரம், உட்காரும் இடம் ஆகிய நான்கிலும் அது இறங்கி வரவேண்டும். தென்மாவட்டத்துச் சபைகளில் அசனப் பண்டிகை என்று நடக்கும். பெரிய பெரிய அண்டாவில் சோறு பொங்கி, ஊரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும். டாக்டரும் கொத்தனாரும் பக்கத்தில் பக்கத்தில். முந்தின நாள் ராத்திரி காய் வெட்டும் இடத்தில்தான் பாதி ஐக்கியம் உண்டாகிறது எனலாம். சபைத் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்கள்கூட அங்கே ஒரே வெங்காய மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணீர் விடுவார்கள். (வெங்காயத்தால்தான்.)

வேலம்பாளையம் மாதிரி ஊர்களில் இதற்கெல்லாம் சோதனை வந்த வருஷங்கள் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவால் ஆனபோது இங்கே ஆர்டர்கள் குறைந்து ஓவர் டைம் நின்றது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. ஆற்றை நம்பிய விவசாயிகளுக்கு அது நியாயம். சாயப்பட்டறைத் தொழிலாளிக்கு அது அடுத்த சனிக்கிழமைச் சம்பளம். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது, ரொக்கமாகக் கைமாறும் வாரச் சம்பளத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதிரி நாட்களில் சபை செய்யக்கூடியது கொஞ்சம்தான். யாருக்கு அரிசி இல்லை என்று தெரிந்திருப்பது. அவர் கேட்பதற்கு முன்னால் கொடுப்பது. ரேஷன் கார்டு ஊரில் இருக்க, இங்கே கடையில் கடன் சொல்லவும் முடியாதவரை நிவாரணப் பட்டியல்கள் கண்டுபிடிக்காது. வாரா வாரம் முகம் பார்த்தவர்கள் கண்டுபிடிப்பார்கள். காணிக்கைத் தட்டில் வழக்கமாகப் போடுகிறவர் இரண்டு வாரமாக வெறுங்கையோடு வந்தால், பொருளாளர் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிடும். அதை வெளியே சொல்லாமல் பார்த்துக்கொள்வதும் ஐக்கியத்தில் சேர்த்திதான்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர், இரண்டுக்கும் தேவாலயக் கதவுகள் பூட்டியிருந்தன. செப்டம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் திறக்க அனுமதி கிடைத்தது. நடுவில் ஆராதனை யூடியூபுக்கும் ஜூமுக்கும் போனது. லைன் வீட்டில் ஒரு போனைச் சுவரில் சாய்த்து வைத்து நாலு பேர் குனிந்து பார்த்தார்கள். டேட்டா தீர்ந்தால் ஆசீர்வாதம் பாதியில் நிற்கும். வீடே சபையாக இருந்த கொரிந்துக் காலத்துக்குத் திரும்பிப் போனது போலத்தான். ஆனால் பிரசங்கம் போனில் கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்தவரின் இருமல் கேட்கவில்லை. திரும்பக் கூடிய முதல் ஞாயிறு எத்தனையோ பேர் அழுததற்குக் காரணம் பிரசங்கம் இல்லை.

இப்போது வேறு ஒரு சோதனை. திருப்பூர் கம்பெனிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வருபவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால் சாத்தான்குளத்துப் பையன் நின்ற அதே வாசலில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். "எந்த ஊரு?" என்று கேட்டால் அவர்களுக்குப் புரியாது. பதில் சொன்னால் இவர்களுக்குப் புரியாது. விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது உதடு மட்டும் அசையும். மெட்டுத் தெரிந்த பாட்டு வந்தால் அவர்கள் மொழியில் மெதுவாகப் பாடுவார்கள். கடைசி வரிசையில் நிற்கும் இவர்களைத் தனி ஆராதனைக்கு அனுப்பிவிடலாம், அது வசதி. மொழிக்காக அது தேவையும்கூட. ஆனால் சாப்பாட்டுப் பந்தியையும் தனியாகப் போட்டால் வடக்கன்குளத்துத் தடுப்பு வேறு வடிவத்தில் எழும்பும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் இது நன்றாகத் தெரியும். டிசம்பர் 23, 24-ல் தெற்கத்திக் குடும்பங்களில் பாதி ஊருக்கு பஸ் ஏறிவிடும். ராஞ்சி பக்கத்துப் பையன் ஆலப்புழை-தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறினால் போய்ச் சேரவே இரண்டு நாள். அதற்குள் லீவு முடிந்துவிடும். அதனால் 25-ம் தேதி விடியற்காலை ஆராதனையில் பாடற்குழுவில் பாதி நாற்காலி காலியாக இருக்க, கடைசி வரிசை மட்டும் நிறைந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் கேக் கொடுப்பார்கள், கை குலுக்குவார்கள். அப்புறம் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அந்தப் பையன்கள் கேட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்த மெஸ் திறந்திருக்கும் என்று யோசித்தபடி.